எந்தக் குட்டை, எத்தனை ஏக்கர்: வட டகோட்டா நீர்நிலை வழக்கு ஒன்றின் ஆய்வு

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் தன் நிலத்தில் இருந்த சில குட்டைகளை வாய்க்கால் வெட்டி வடித்தது. அந்த நிலத்து நீர்நிலைகளை வாத்துகளுக்காக விட்டுவைக்கும் உரிமையை மத்திய அரசு 1960களிலேயே முந்தைய உரிமையாளர்களிடம் காசு கொடுத்து வாங்கியிருந்தது. அரசு வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றத்தில் அரசின் கை ஓங்கியது. 1996இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அரசைத் தோற்கடித்தது அதன் சொந்தக் கோப்பில் முப்பது வருடமாகக் கிடந்த ஓர் ஏக்கர் கணக்கு.

குடும்பத்தாரின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவதும் என் எண்ணமில்லை. நீர்நிலையைக் காப்பாற்ற பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த வழக்கை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

பின்னணி: குட்டைகளின் நாடு

பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் லட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் உண்டாயின. அயோவா, மினசோட்டா, இரண்டு டகோட்டாக்கள், மொன்டானா, அப்புறம் கனடாவின் மூன்று மாகாணங்கள் என்று பரந்து கிடக்கும் சமவெளி இது. பல பள்ளங்கள் நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் குளத்தைவிடச் சிறியவை. பனி உருகினால் நிறையும், கோடையில் வற்றும், அடுத்த வருடம் மறுபடி நிறையும். வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கும் மேல் இந்தப் பகுதியில்தான் பிறக்கின்றன.

ஏப்ரல் மாதத்தில் இப்படி ஒரு குட்டை எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் வழக்கின் கனம் புரியும். பெரிய ஏரிகளில் இன்னும் பனிக்கட்டி மூடியிருக்கும். முழங்காலுக்கும் எட்டாத குட்டையில் மட்டும் வெயில் அடிவரை இறங்கி, தண்ணீர் முதலில் இளகும். போன வருடத்துக் கோதுமைத் தாள்கட்டைகள் நீருக்குள் நிற்கும், அவற்றுக்கு நடுவே கொசுவினப் புழுக்களும் சிறு நத்தைகளும் நெளியும். தெற்கிலிருந்து பறந்து வந்து களைத்த பெட்டை வாத்து, வாலை மேலே தூக்கித் தலையைக் கவிழ்த்து அவற்றைத் தின்னும். முட்டையிடத் தேவையான புரதம் அதற்கு அங்கேதான் கிடைக்கிறது. ஒரு ஜோடி ஒரு குட்டையைப் பிடித்துக்கொண்டால் ஆண் வாத்து அங்கே இன்னொரு ஜோடியை எளிதில் விடாது. அதனால் பத்து ஏக்கரில் ஒரே ஏரி இருப்பதைவிட, ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர் அளவுள்ள பத்துக் குட்டைகள் இருந்தால் அதிக ஜோடிகள் தங்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கர் கணக்கு பேச வரும்போது மறுபடி இதற்கு வருவேன்.

இங்கே கூடு கட்டும் வாத்துகளில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் உண்டு. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளில் நாம் பார்ப்பதும் இதே இனங்கள்தாம். நம்மிடம் வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

விவசாயியின் பக்கமும் பார்க்க வேண்டும். நீண்ட வரிசையில் ஓடும் பெரிய உழவு யந்திரம் ஒவ்வொரு குட்டையையும் சுற்றி வளைய வேண்டும். வளையும் இடத்தில் விதையும் உரமும் இரட்டிப்பாக விழும், எரிபொருளும் நேரமும் வீணாகும், ஈரத்தில் சக்கரம் புதையும். ஒரு வாய்க்கால் போட்டு வடித்துவிட்டால் வயல் நேராகிவிடும். வட டகோட்டாவில் இருந்த ஈரநிலங்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான் போயிற்று. அயோவாவில் பத்தில் ஒன்று மிஞ்சியது.

பத்திரம்: என்ன வாங்கினார்கள்

1934இல் அமெரிக்கா வாத்து வேட்டைக்காரர்களுக்கு ஒரு முத்திரை கட்டாயமாக்கியது. அன்று விலை ஒரு டாலர், 2015 முதல் 25 டாலர். 1958இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பணத்தில் சிறு நீர்நிலைகளையும் அவற்றின் மீதான உரிமைகளையும் வாங்கலாம் என்றார்கள். வேகமாக வாங்குவதற்காக 1961இல் 10.5 கோடி டாலர் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. மாநில ஆளுநர் சம்மதித்தால்தான் வாங்க முடியும் என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தில் இருந்தது. வட டகோட்டா ஆளுநர்கள் 1961க்கும் 1977க்கும் இடையில் மாவட்டம் மாவட்டமாக, லட்சக்கணக்கான ஏக்கருக்குச் சம்மதம் கொடுத்தார்கள்.

நிலம் முழுவதையும் வாங்குவது ஒரு வழி. இன்னொன்று ஈஸ்மென்ட். நம் பத்திரங்களில் வழிப்பாத்தியம், வண்டிப்பாட்டை பாத்தியம் என்று எழுதுகிறோமே, அதே வகை. நிலம் ஒருவருடையது, அதன் மேல் ஒரு குறிப்பிட்ட உரிமை இன்னொருவருடையது. இதை நீர்நிலைப் பாத்தியம் என்று சொல்லலாம். விவசாயி ஒரே தடவையாகப் பணம் வாங்கிக்கொள்வார். பதிலுக்கு அந்த நிலத்தின் நீர்நிலைகளை வடிக்கக் கூடாது, மண் போட்டுத் தூர்க்கக் கூடாது, மட்டம் பண்ணக் கூடாது, சதுப்புத் தாவரங்களை எரிக்கக் கூடாது. இயற்கையாக வற்றிய வருடத்தில் அங்கேயே உழுது பயிரிடலாம். பொதுமக்கள் யாரும் உள்ளே வர உரிமையில்லை. பாத்தியம் நிரந்தரமானது, நிலம் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும்.

1960களின் பத்திரங்களில் நிலத்தின் எல்லை தெளிவாக இருந்தது. நீர்நிலையின் எல்லை இல்லை. அந்த நிலத்தில் இப்போது இருக்கிற, அல்லது இயற்கைக் காரணங்களால் மறுபடி உண்டாகிற ஏரி, குளம், சதுப்பு, குட்டை எல்லாம் அடங்கும் என்ற பொருளில் வாசகம் இருந்தது. வரைபடம் கிடையாது. 1976இலிருந்துதான் எந்தெந்தக் குட்டை என்று கோடு போட்ட வரைபடத்தைப் பத்திரத்தோடு சேர்க்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் பழைய பத்திரங்களுக்கும் அரசுத் தரப்பில் ஒரு சுருக்கத் தாள் இருந்தது. வாங்கிய ஒவ்வொரு நிலத்திலும் இத்தனை ஏக்கர் நீர்நிலை என்று அதில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். ஆளுநர் சம்மதித்த ஏக்கரில் எவ்வளவு செலவானது என்று கணக்கு வைக்க அந்த எண் உதவியது. எழுதியவர்கள் அதை அலுவலகக் கணக்காகத்தான் நினைத்திருப்பார்கள்.

1983: அதே தாள் அரசுக்குக் கைகொடுத்த நாள்

1970களில் வட டகோட்டாவில் இந்தத் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்தது. 1977இல் மாநிலம், பாத்தியம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 தீர்ப்பில், ஆளுநர்கள் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசுக்குப் பெரிய வெற்றி.

அந்த வழக்கில் ஒரு கேள்வி எழுந்தது. சம்மதித்த அளவுக்கு மேல் அரசு வாங்கிவிட்டதா? பத்திரத்தில் வரும் மொத்த நிலத்தை எண்ணினால் தாண்டிவிட்டது. நீர்நிலை ஏக்கரை மட்டும் எண்ணினால் தாண்டவில்லை. பாத்தியத்தின் கட்டுப்பாடு நீர்நிலைப் பகுதிக்கு மட்டும்தான், ஆகவே சுருக்கத் தாளில் உள்ள ஏக்கரைத்தான் எண்ண வேண்டும் என்பது அரசுத் தரப்பின் நிலை. அது எடுபட்டது.

1987இல் இன்னொரு தீர்ப்பும் அரசுக்குச் சாதகமாக வந்தது. ஒரு மாவட்ட நீர்வள வாரியத்தின் பொறுப்பாளர்கள் பாத்தியம் உள்ள நிலங்களின் குறுக்கே வடிகால் வெட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு குட்டைக்கும் சர்வே அளவு காட்டத் தேவையில்லை, அடையாளம் காணக்கூடிய நீர்நிலை சேதப்பட்டது, அது பாத்தியத்துக்கு உட்பட்ட நிலத்தில் இருந்தது என்று நிரூபித்தால் போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். களத்தில் வேலை செய்தவர்களுக்கு இது பெரிய தெம்பு.

கண்டது: மழை வருடங்களும் வாய்க்காலும்

1988 முதல் 1992 வரை வட டகோட்டா வறட்சியில் காய்ந்தது. 1993 கோடையில் மழை கொட்டத் தொடங்கி வருடக்கணக்கில் ஓயவில்லை. அந்த மாநிலத்தின் டெவில்ஸ் ஏரி 1993இலிருந்து 2011க்குள் சுமார் 30 அடி உயர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு குட்டைகளும் அப்படித்தான். வறண்ட வருடத்தில் காணாமல் போயிருந்தவை வயலுக்குள் பரவின, ஒன்றோடொன்று சேர்ந்தன. 1960களில் சுருக்கத் தாளில் எழுதிய ஏக்கருக்கும் இப்போது நிற்கும் தண்ணீருக்கும் பொருத்தமே இல்லாமல் போயிற்று.

பாத்தியம் உள்ள நிலங்களை மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் சிறு விமானத்தில் பறந்து பார்க்கும். அறுவடை முடிந்த வயலில் புதிதாக வெட்டிய வாய்க்கால் மேலிருந்து பார்த்தால் கறுப்புக் கோடாகத் தெரியும். மீறல் தெரிந்தால் வழக்கமாகச் செய்வது நேரில் போய்ப் பேசுவது, கடிதம் அனுப்புவது, வாய்க்காலை மண் போட்டு அடைத்துக் குட்டையை மீட்கச் சொல்வது. பெரும்பாலான விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். இந்தக் குடும்பத்தின் விவகாரம் முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

துறை குற்ற வழக்காகக் கொண்டுபோக முடிவு செய்தது. பாத்தியம் வாங்கிய நிலமும் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய வனவிலங்குப் புகலிட அமைப்பின் பகுதி. அங்கே அரசின் உடைமையைச் சேதப்படுத்துவது குற்றம். நிரந்தர வாக்குறுதியை ஒருவர் மீறி, அது கேள்வியில்லாமல் போனால், பக்கத்து வயல்காரருக்கும் அதுவே வழியாகிவிடும். அந்தக் கவலை நியாயமானது. இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

குடும்பம் வைத்த வாதம் எளிமையானது. அரசு காசு கொடுத்து வாங்கியது சுருக்கத் தாளில் உள்ள ஏக்கரை. அவ்வளவு ஏக்கர் நீர்நிலை எங்கள் நிலத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. நாங்கள் வடித்தது அதற்கு மேல் இருந்ததை.

அரசு சொன்னது வேறு. பத்திர வாசகம் எல்லா நீர்நிலைகளையும் சொல்கிறது. சுருக்கத் தாள் எங்கள் உள் கணக்கு, அதற்கும் பாத்தியத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. இங்கேதான் அரசுத் தரப்பு இரண்டாவது முடிவை எடுத்தது: அந்த ஏக்கர் எண்ணைச் சாட்சியமாகவே கொண்டுவரக் கூடாது என்று விசாரணைக்கு முன்பே மனுப் போட்டது. மாவட்ட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தங்கள் ஒரே வாதம் அடைபட்ட நிலையில், குடும்பத்தார் அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை வைத்துக்கொண்டு, நிபந்தனையோடு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

என் பார்வையில் தவறு இந்த இடத்தில்தான். வடித்தவை எந்தக் குட்டைகள், 1960களில் அவை அங்கே இருந்தனவா என்று பழைய வான்படங்களை வைத்து நேரடியாகக் காட்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் எண்ணை மறைக்கப் போனதால், வழக்கு முழுவதும் அந்த எண்ணைப் பற்றியதாகிவிட்டது.

முடிவு

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983 வழக்கைக் கையில் எடுத்தது. அன்று, சுருக்கத் தாளின் ஏக்கர்தான் நாங்கள் வாங்கியது என்ற கணக்கில் மாநிலத்தை வென்ற அரசு, இன்று அதே மாநிலத்து விவசாயியிடம் அந்த ஏக்கருக்கு அர்த்தமில்லை என்று சொல்ல முடியாது. பாத்தியம் சுருக்கத் தாளில் உள்ள ஏக்கருக்கு உட்பட்டது என்று தீர்ப்பானது.

1987 தீர்ப்பைத் தூக்கி எறியவில்லை, சுருக்கினார்கள். சேதமானது அடையாளம் காணக்கூடிய நீர்நிலையாக இருக்க வேண்டும். பாத்தியம் எழுதிய காலத்தில் இருந்து, சுருக்கத் தாளில் சொல்லப்பட்ட நீர்நிலைகளில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். நிலத்தின் மேல் பாத்தியம் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசு நிரூபிக்க வேண்டும்.

சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். வாங்கியவர் ஒரே பொருளுக்கு இரண்டு அளவு சொல்லக் கூடாது. வாத்தின் பக்கமிருந்து பார்த்தால் மனசு கனக்கிறது. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: தாளில் 30 ஏக்கர், மழை வருடத்தில் நிலத்தில் 50 ஏக்கர் தண்ணீர். 30 மிஞ்சினால் போதும் என்றால், எந்த 30? விவசாயி வடிக்க ஆசைப்படுவது ஆழமான பெரிய குட்டையை அல்ல, அதை வடிப்பது கடினம். உழவுக்குக் குறுக்கே வரும் ஆழமில்லாத சின்னக் குட்டைகளைத்தான் முதலில் வடிப்பார். ஏப்ரலில் முதலில் இளகுவதும், பெட்டை வாத்துக்குப் புழு கொடுப்பதும், ஜோடிகள் பிரிந்து தங்குவதும் அவற்றில்தான். ஏக்கரைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் குறையாது. வாத்துகள் குறையும்.

பிறகு நடந்தவை

1976க்கு முந்தைய ஆயிரக்கணக்கான பாத்தியங்களை இந்தத் தீர்ப்பு தொட்டது. பழைய வான்படங்களை எடுத்து, சுருக்கத் தாளின் ஏக்கரோடு ஒப்பிட்டு, எந்தக் குட்டைகள் அடங்கும் என்று துறை வரைபடம் போட வேண்டியதாயிற்று. வறண்ட வருடத்துப் படத்தில் குட்டை சின்னது, மழை வருடத்துப் படத்தில் பெரியது. எதை எடுத்தாலும் ஒரு தரப்பு கேள்வி கேட்கும். 2020இல் துறையின் தலைமை ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி பழைய பாத்தியங்களின் வரைபடத்தை நில உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும், அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் துறைக்குள் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.

வாய்க்காலின் உருவமும் மாறியது. இப்போது மண்ணுக்கடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார்கள். குட்டையைத் தொடாமல் பக்கத்து வயலில் பதித்தாலும், அருகில் இருந்தால் குட்டை நீரையும் இழுத்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்கு அது சுலபமாகத் தெரியாது. தெற்கு டகோட்டாவில் இப்படி ஒரு குழாய் வழக்கு 2019இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. உரிமையாளர் கவனக்குறைவாகவாவது நடந்துகொண்டாரா என்று ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்பதால் அந்தத் தண்டனையும் ரத்தானது. ஆக, உரிமையாளருக்கு என்ன தெரியும், யார் எப்போது சொன்னார்கள் என்பது மறுபடியும் வழக்கின் நடுவுக்கு வந்தது.

எதை மாற்ற வேண்டும்

பத்திரம் எழுதும் நாளிலேயே குட்டைகளைக் கோடு போட்டுக் காட்டி, இரண்டு தரப்பும் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நம் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரமும் செக்குபந்தியும் இல்லாமல் யாரும் பணம் கொடுக்க மாட்டோம். நீருக்கும் அதே அக்கறை வேண்டும். ஆனால் நீரின் எல்லை வருடாவருடம் நகரும். அதனால் கோடு எந்த மாதத்து, எந்த வருடத்து நீரைக் காட்டுகிறது, மழை வருடத்தில் பரவினால் பரவிய பகுதியும் அடங்குமா என்பதைப் பத்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1960களில் சில வரிகள் சேர்த்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

அலுவலகக் கணக்குக்காக எழுதும் எண்ணும் ஒருநாள் நீதிமன்ற மேசைக்கு வரும் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். மொத்த ஏக்கரோடு, இத்தனை சிறு குட்டைகள், இத்தனை பெரியவை என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும்.

நிலம் கைமாறும்போது புது உரிமையாளரைத் துறையே தேடிப் போக வேண்டும். இந்தக் குடும்பத்தின் நிலத்தில் பணம் வாங்கியது முந்தைய தலைமுறை, வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தத் தலைமுறை. பத்திரப் பதிவில் பாத்தியம் இருக்கிறது என்பது சட்டத்துக்குப் போதும். ஆனால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சமையலறை மேசையில் விரித்து, இந்தக் குட்டை, இந்தக் குட்டை, அதோ வேலியோரத்தில் இருக்கிற அந்தச் சின்னதும் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தால், வாய்க்கால் வெட்டும் முன் ஒரு தொலைபேசி அழைப்பாவது வரும்.